ரெஸில்மேனியா 17: நீங்க கேட்டீங்க, நான் சொல்றேன்

பழைய ரெஸ்லிங் ஷோ ஏதாவது ஒண்ணை எடுத்து ஒரு இதழ் முழுக்க கேள்வி பதிலாவே போடலாம், எந்த ஷோன்னு நீங்களே சொல்லுங்கன்னு போன தடவை கேட்டிருந்தேன். கிட்டத்தட்ட எல்லாருமே ரெஸில்மேனியா 17னு எழுதிட்டாங்க, அதனால யோசிக்கவே வேலை இல்லாம போச்சு. புதுசா வந்தவங்களுக்கு, WWE (அப்போ பேரு WWF) கம்பெனி வருஷா வருஷம் நடத்தற பெரிய ஷோதான் ரெஸில்மேனியா. ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

நான் ரோமன் ரெயின்ஸ், கோடி ரோட்ஸ் பார்த்து வளர்ந்த ஆளு அண்ணே. யாரைக் கேட்டாலும் 17தான் பெஸ்ட்ங்கறாங்க. பழசுன்னாலே பெருசா பேசற பழக்கமா, இல்ல உண்மையிலயே சரக்கு இருக்கா?

சரக்கு இருக்கு தம்பி. 2001 ஏப்ரல் 1, டெக்சாஸ்ல ஹூஸ்டன் நகரம், ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியம், உள்ள 67,925 பேர். ராக், ஆஸ்டின், ட்ரிபிள் ஹெச், அண்டர்டேக்கர், கர்ட் ஆங்கிள், ஜெரிக்கோ, எடி கரேரோ, எட்ஜ், ஹார்டி பிரதர்ஸ்னு ஒருத்தன் விடாம எல்லாரும் நல்ல ஃபார்ம்ல இருக்கற நேரத்துல ஒரே ராத்திரி ஒரே இடத்துல இறங்கினாங்க. இதுக்கு முன்னாடியும் இப்படி அமையல, பின்னாடியும் அமையலங்கறது என் கருத்து.

ஆனா ஆளுங்க இருந்தா மட்டும் ஷோ நல்லா வந்துடாது. எனக்கு இந்த ஷோல பிடிச்சதே வேற, எதையும் இழுக்க மாட்டாங்க. சைனாங்கற பெண் ரெஸ்லர் ஐவரியை அடிச்சு பெண்கள் டைட்டில் ஜெயிச்ச மேட்ச் மூணு நிமிஷம் கூட இல்ல, ஏன்னா கதைப்படி சைனா முன்னாடி ஐவரி நிக்கவே முடியாது, அதை எதுக்கு பத்து நிமிஷம் ஓட்டணும்? முதல் மேட்ச் ஜெரிக்கோ-ரீகல் ஏழு நிமிஷத்துல முடிஞ்சுது. அந்த சண்டைக்கு ஆரம்பம் என்னன்னா, கமிஷனரா இருந்த ரீகலோட டீயில ஜெரிக்கோ ஒண்ணுக்கு அடிச்சு வெச்சதுதான், அந்தக் காலத்து ரசனை அப்படி, என்ன பண்றது. சின்ன மேட்ச் எல்லாம் சட்டுனு முடிஞ்சு கடைசி மேட்சுக்கு அரை மணி நேரம் கிட்ட ஒதுக்கியிருப்பாங்க. இப்போ வர்ற ரெஸில்மேனியா ரெண்டு ராத்திரி ஓடுது, பாதி நேரம் விளம்பரமும் என்ட்ரன்ஸும்தான். அதைப் பார்த்துட்டு இதைப் பாருங்க, வித்தியாசம் தானா தெரியும்.

எல்லாமே முன்னாடியே எழுதி வெச்ச நாடகம்தானே? யாரு ஜெயிப்பான்னு தெரிஞ்சு சண்டை போடறதுல என்ன திறமை இருக்குன்னு என் வீட்டுல கேட்டு உயிரை எடுக்கறாங்க.

யாரு ஜெயிப்பாங்கறது முடிவாகி இருக்கும், அது கூடவே கடைசியில எப்படி முடிக்கணும், நடுவுல ரெண்டு மூணு பெரிய இடம் என்னன்னு பேசி வெச்சுக்குவாங்க. மீதி எல்லாம் உள்ள இறங்கினப்புறம் கூட்டம் எப்படி கத்துதுன்னு காதால கேட்டுக்கிட்டே, ஒருத்தன் காதுல ஒருத்தன் முணுமுணுத்துக்கிட்டே கட்டுறதுதான். விழற அடி விழத்தான் செய்யும், தரை பஞ்சு மெத்தை கிடையாது, இரும்பு ஃப்ரேம் மேல பலகை, அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃபோம், மேல கேன்வாஸ், அவ்வளவுதான்.

உங்க வீட்டுக்காரங்களுக்கு இதே ஷோல கர்ட் ஆங்கிள்-கிறிஸ் பென்வா மேட்ச்சோட முதல் சில நிமிஷத்தைப் போட்டுக் காட்டுங்க. ஒரு குத்து கிடையாது, உதை கிடையாது. ஆங்கிள் யாரு? 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல 100 கிலோ ஃப்ரீஸ்டைல்ல தங்கம் வாங்கின ஆளு. கதைப்படி அந்த ஆளை பென்வா அவனோட சொந்த ஆட்டத்துலயே, மல்யுத்தத்துலயே, மடக்கி மடக்கி உருட்டுறான். ஆங்கிள் ஒவ்வொரு தடவையும் கயித்தைப் பிடிச்சு வெளிய தப்பிக்கறான், முகத்துல கடுப்பு ஏறிக்கிட்டே போகுது, கடைசில தாங்க முடியாம முதல் குத்தை விடறதே ஒலிம்பிக் சாம்பியன்தான். ஒரு வார்த்தை பேசாம 'இவனுக்கு ஈகோ அடிபட்டுடுச்சு'ன்னு அறுபத்தேழாயிரம் பேருக்கும் புரிய வெச்சாச்சு. முடிவுலயும் பாருங்க, ட்ரவுசரைப் பிடிச்சு இழுத்து திருட்டுத்தனமா ஒரு ரோல்-அப்ல, அதாவது ஆளை உருட்டித் தோளைத் தரையில அமுக்கி ஜெயிக்கறான். ஒலிம்பிக் தங்கம் வாங்கினவன் ட்ரவுசரைப் பிடிச்சு ஜெயிக்கறான்னா அந்த கேரக்டரைப் பத்தி வேற என்ன சொல்லணும்?

அந்த பென்வா மேட்ச்சைப் பார்க்கலாமாங்க? அவர் பண்ணின காரியத்துக்கு அப்புறம் எனக்கு மனசு வரல.

வராதது நியாயம்தான். தெரியாதவங்களுக்கு, 2007 ஜூன்ல பென்வா தன் மனைவியையும் சின்னப் பையனையும் கொன்னுட்டு தானும் செத்துட்டாரு. அதுக்கப்புறம் கம்பெனி அவர் பேரை எங்கயும் சொல்றதில்ல. இறந்தப்புறம் அவர் மூளையைப் பரிசோதிச்ச டாக்டர்கள் தலையில திரும்பத் திரும்ப அடி வாங்கினதால கடுமையான பாதிப்பு இருந்ததுன்னு சொன்னாங்க, அது காரணத்துல ஒண்ணா இருக்கலாம், ஆனா அதைச் சொல்லி அந்தக் கொலையை யாரும் மன்னிச்சுட முடியாது. மேட்ச்சை ஒரு தொழில் பாடமா நான் பார்ப்பேன், மேல உதாரணமா சொன்னதும் அதனாலதான். நீங்க ஃபார்வர்ட் பண்ணிட்டுப் போனா ஷோவுக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது.

WCWங்கற போட்டி கம்பெனியை WWF முதலாளி வின்ஸ் மெக்மேன் வாங்கினதும் இந்த ஷோவும் ஒரே நேரம்னு கேள்விப்பட்டேன். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறைய இருக்கு. 90கள்ல திங்கட்கிழமை ராத்திரின்னா ரெண்டு கம்பெனிக்கும் நேருக்கு நேர் போட்டி, WWFஓட ரா ஒரு பக்கம், WCWவோட நைட்ரோ இன்னொரு பக்கம். நடுவுல தொடர்ச்சியா 83 வாரம் நைட்ரோ ரேட்டிங்ல ராவை அடிச்சு துவைச்சது. அப்படிப்பட்ட கம்பெனி அஞ்சே வருஷத்துக்குள்ள தன் காலைத் தானே வாரிக்கிச்சு, கடைசில டிவி சேனலே வேணாம்னு கைகழுவ, 2001 மார்ச் மூணாவது வாரக் கடைசில வின்ஸ் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கிட்டாரு. மார்ச் 26ஆம் தேதி கடைசி நைட்ரோ, ஃபுளோரிடால பனாமா சிட்டி பீச்ல நடந்தது, கடைசி மேட்ச் ஸ்டிங்குக்கும் ரிக் ஃபிளேருக்கும். எதிரி கம்பெனியோட ஷோவைத் திறக்கறதே வின்ஸ் முகம். அந்த ராத்திரியே கதையில ஒரு திருப்பம், WCWயை வாங்கினது அப்பா இல்ல, மகன் ஷேன்னு.

ஆறு நாள் கழிச்சு ரெஸில்மேனியா. அப்பாவும் மகனும் தெருச்சண்டை. ஸ்டேடியத்துல மேல ஒரு பாக்ஸ்ல WCW ஆளுங்க சில பேர் உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்ததையும் கேமரால காட்டினாங்க. இன்னொரு பக்கம் ECWங்கற மூணாவது கம்பெனியும் மூச்சு நின்னு போயிருந்தது, அதோட முதலாளி பால் ஹேமன் இங்க ஜிம் ராஸ் பக்கத்துல உக்காந்து கமென்ட்ரி பண்றாரு. அதாவது அந்த ராத்திரி அமெரிக்கால வேற போக்கிடம்னு சொல்லிக்கற மாதிரி பெரிய ரெஸ்லிங் கம்பெனியே இல்ல. எல்லாத்தையும் ஜெயிச்சாச்சு. ஜெயிச்ச கையோட சரிவும் ஆரம்பிச்சுது, போட்டிக்கு ஆள் இல்லன்னா எவனுக்குத்தான் பயம் இருக்கும்? அடுத்த சில மாசத்துல வந்த WCW படையெடுப்பு கதையை இவங்க எப்படி சொதப்பினாங்கங்கறதுக்கு தனி இதழே போடணும்.

ஹேமன் கமென்ட்ரி பத்தி ஒரு வார்த்தை. வழக்கமா ஜிம் ராஸ் கூட ஜெர்ரி லாலர்தான் உக்காருவாரு, பிப்ரவரில அவர் கோவிச்சுக்கிட்டு வேலையை விட்டுட்டாரு. அந்த இடத்துக்குத்தான் ஹேமன் வந்தாரு. என்னைக் கேட்டா நல்லதாப் போச்சு, லாலர் மாதிரி மொக்கை ஜோக் அடிச்சுக்கிட்டு இருக்காம ராஸ் கூட எதிர்வாதம் பண்ணி சண்டைக்கு சூடு ஏத்தினாரு மனுஷன்.

வின்ஸ்-ஷேன் மேட்ச்ல லிண்டா எழுந்து நிக்கற சீன்! எங்க அண்ணனும் நானும் கத்தின கத்து! அதைப் பத்தி எழுதுங்களேன்.

எழுதாம விடுவேனா. ரெண்டு பேருமே ரெஸ்லர் கிடையாதுங்கறதுதான் இதுல அழகே. கதை பச்சை சீரியல் கதை: வின்ஸ் பொண்டாட்டி லிண்டாவை மருந்து குடுத்து மயக்கத்துலயே வீல்சேர்ல வெச்சிருக்காரு, ட்ரிஷ் ஸ்ட்ராட்டஸ் கூட எல்லார் முன்னாடியும் கொஞ்சிக் குலாவறாரு, பொண்ணு ஸ்டெஃபனி அப்பா பக்கம், பையன் ஷேன் அம்மா பக்கம். ரெஃப்ரி யாருன்னா மிக் ஃபோலி, அவரையும் வின்ஸ்தான் வேலையை விட்டுத் தூக்கியிருந்தாரு.

நடுவுல ஷேன் மேல இருந்து கமென்ட்ரி டேபிள் மேல பாயறான், ஸ்டெஃபனி அப்பாவை இழுத்துடறா, ஷேன் வெறும் டேபிளோட உடைஞ்சு விழறான். அப்புறம் ட்ரிஷ் லிண்டாவை வீல்சேர்ல தள்ளிக்கிட்டு வந்து, எல்லாரும் எதிர்பார்த்த மாதிரி வின்ஸ் பக்கம் நிக்காம வின்ஸ் கன்னத்துல ஒண்ணு விடறா. வின்ஸ் ஃபோலியை சேரால சாய்ச்சுட்டு, லிண்டாவைத் தூக்கி ரிங்குக்குள்ள மூலையில ஒரு நாற்காலியில உக்கார வெச்சு, 'உன் பையன் வாங்கறதைப் பாரு'ன்னு குப்பைத் தொட்டியால ஷேனை வெளுக்கறாரு. அப்போ பின்னாடி லிண்டா மெதுவா எழுந்து நிக்கறாங்க. வின்ஸுக்குத் தெரியாது. ஸ்டேடியத்துல இருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். கூட்டத்தோட சத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, வின்ஸ் அது தனக்குத்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு, திரும்பறாரு, அவங்க ஒரு உதை விடறாங்க எங்க விடணுமோ அங்க. அவ்வளவுதான், ஒரு மல்யுத்தப் பிடி கூட கிடையாது, அந்த ராத்திரியிலயே பெரிய சத்தத்துல ஒண்ணு அதுக்குத்தான். அப்புறம் ஷேன் குப்பைத் தொட்டியை அப்பா முகத்துக்கு முன்னாடி வெச்சுட்டு எதிர் மூலையில கயிறு மேல ஏறி ரிங் அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடிக்குப் பாய்ஞ்சு ரெண்டு காலாலயும் உதைச்சு முடிச்சான்.

முதலாளி இப்படி எல்லார் முன்னாடியும் அடி வாங்கறது அவருக்கு அசிங்கம் இல்லையான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அவருக்கு அந்தக் காலத்துல அதுதான் தொழில்ங்க. எல்லாரும் வேலை செய்யற இடத்துல ஒரு முதலாளி இருக்கான், அவனை ஒரு நாளாவது நாலு சாத்து சாத்தணும்னு தோணாதவன் யாரு?

TLC (டேபிள், ஏணி, சேர்) மேட்ச்ல ஏணி, டேபிள் எல்லாம் செட்டப்தானே? அடி படாதுல்ல?

டேபிள் உடையற டேபிள்தான். ஏணி ஏணிதான், உயரம் உயரம்தான்! கீழ விழற உடம்புக்கு செட்டப்னு எல்லாம் தெரியாது.

எட்ஜ்-கிறிஸ்டியன், ஹார்டி பிரதர்ஸ், டட்லி பாய்ஸ் மூணு ஜோடியும் 2000 ரெஸில்மேனியால ஏணி மேட்ச் (மேல தொங்கற பெல்ட்டை ஏணி ஏறி எடுக்கறவங்க ஜெயிப்பாங்க), அதே வருஷம் சம்மர்ஸ்லாம்ல முதல் TLC, இது மூணாவது. மூணுலயும் ஜெயிச்சது எட்ஜ்-கிறிஸ்டியன்தான், மூணுலயும் மக்கள் மனசுல நின்னது ஜெஃப் ஹார்டிங்கறது வேற கதை. இந்தத் தடவை ஒவ்வொரு ஜோடிக்கும் உதவிக்கு ஒரு ஆள் ஓடி வந்தாங்க, டட்லிக்கு ஸ்பைக், எட்ஜுக்கு ரைனோ, ஹார்டிக்கு லீட்டா. மேட் ஹார்டியும் பப்பா ரேயும் நின்ன ஏணியை ரைனோ தள்ளி விட, ரெண்டு பேரும் ரிங்குக்கு வெளிய அடுக்கி வெச்ச டேபிள் மேல போய் விழறாங்க பாருங்க, அதைப் பார்க்கறப்போ இன்னிக்கும் எனக்கு வயித்தைக் கலக்கும்.

எல்லாரும் பேசற அந்த ஸ்பியர் (பாய்ஞ்சு போய் தோளால இடிக்கறது): ஜெஃப் மேல தொங்கற பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு அந்தரத்துல ஆடறான், காலுக்குக் கீழ இருந்த ஏணி போயிடுச்சு. எட்ஜ் பக்கத்துல இன்னொரு உசரமான ஏணி மேல நிக்கறான். ஜெஃப் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடறதால எட்ஜ் ஒரு நொடி அவசரப்பட்டாலும் தப்பு, ஒரு நொடி தாமதிச்சாலும் தப்பு. கரெக்டா அவன் எதிர்ல வர்றப்போ பாய்ஞ்சு இடுப்பைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் சேர்ந்து கீழ வர்றாங்க. ரிகர்சல் பண்ணிப் பார்க்கற விஷயமா அது? அந்த மேட்ச் மொத்தமே பதினாறு நிமிஷம் இருக்காது. எட்ஜ் 2003ல கழுத்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு, 2011ல கழுத்துனாலயே ரிட்டயர் ஆனாரு, ஒன்பது வருஷம் கழிச்சுத்தான் 2020 ராயல் ரம்பிள்ல திரும்பி வந்தாரு. அடி படாதுல்லன்னு கேட்டீங்களே.

கிம்மிக் பேட்டில் ராயல்ல ஐயர்ன் ஷேக்கை எதுக்கு ஜெயிக்க வெச்சாங்க?

பேட்டில் ராயல்ல தோக்கணும்னா மேல் கயித்துக்கு மேல போய் வெளிய விழணும். ஷேக்குக்கு முட்டி போச்சு, அவரால அப்படி விழ முடியாது. விழ முடியாதவரை என்ன பண்றது, ஜெயிக்க வெச்சுட்டாங்க! என்னைப் பொறுத்தவரை அந்த ராத்திரியிலயே நல்ல முடிவு அதுதான். ஜீன் ஓகர்லண்டும் பாபி ஹீனனும் கமென்ட்ரி, 80கள்ல, 90கள்ல இருந்த கோமாளி கேரக்டர் எல்லாம் வரிசையா வந்தது, முட்டையில இருந்து வெளிய வந்த காபுல்டி கூக்கர் வான்கோழி உட்பட. எல்லாரும் நடந்து வர்றதுக்கு ஆன நேரம் சண்டைக்கு ஆகல.

அண்டர்டேக்கர்-ட்ரிபிள் ஹெச் மேட்ச்ல ரெஃப்ரி செத்தே போயிட்டாரோன்னு நினைச்சேன். அவ்வளவு நேரமா மயக்கம்?

ஹாஹா, மைக் கியோடா. அடி வாங்கினது ஒரு சாதாரண அடி, படுத்தது மேட்ச்ல பாதி நேரம். அதுக்குள்ள இவங்க ரெண்டு பேரும் கூட்டத்துக்குள்ள போய், டெக்னீஷியன்கள் நிக்கற டவர் மேல ஏறி, அங்க இருந்து ஒருத்தனைக் கீழ தள்ளி, திரும்பி வந்து, சுத்தியல் எடுத்து... மனுஷன் அப்பவும் எழுந்திரிக்கல. அந்த மேட்ச்சோட ஒரே ஓட்டை அதுதான், ஆனா அந்த ஓட்டை வழியா ஒரு லாரியே போகும்.

மத்தபடி அருமையான மேட்ச். ட்ரிபிள் ஹெச்சுக்கு மோட்டார்ஹெட் பேண்ட் நேர்ல பாடறாங்க, பாடகர் லெமி பாதி வரியை மாத்திப் பாடினாலும் கெத்து குறையல. அண்டர்டேக்கர் அப்போ மோட்டார் சைக்கிள்ல வர்ற காலம். முடிவு ரொம்பப் பிடிக்கும் எனக்கு: ட்ரிபிள் ஹெச் சுத்தியலால அடிச்சு ரத்தம் வர வெச்சு, மூலையில சாய்ச்சு மேல ஏறி குத்து மேல குத்து விடறான், ஜெயிச்சுட்டோம்னு நினைச்சுட்டான், அண்டர்டேக்கர் அப்படியே அலேக்காத் தூக்கி தரையில ஒரே அடி, லாஸ்ட் ரைட். ரெஸில்மேனியால ஒரு தடவை கூட தோக்காம அவருக்கு 9-0. அந்த நேரத்துல அந்தக் கணக்கை யாரும் பெருசா எடுத்துக்கல, அடுத்த வருஷம் ரிக் ஃபிளேரை அடிச்சுட்டு பத்து விரலை விரிச்சுக் காட்டினப்போதான் அது ஒரு விஷயமாச்சு. 2014ல ப்ராக் லெஸ்னர் உடைக்கற வரைக்கும் 21 ஜெயிப்பு.

நேரா விஷயத்துக்கு வாங்க. ஆஸ்டின் வில்லன் ஆனது சரியா தப்பா?

இந்தக் கேள்விதான் அதிகம். நின்னு பதில் சொல்றேன்.

ஷோவோட கடைசி மேட்ச், ராக்குக்கும் ஆஸ்டினுக்கும், டைட்டிலுக்காக. முதல்ல நடந்தது என்னன்னு பார்ப்போம். ஆஸ்டின் கழுத்து ஆபரேஷன் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு திரும்பி வந்து 2001 ஜனவரில ராயல் ரம்பிள் ஜெயிச்சாச்சு, அதை ஜெயிச்சவனுக்கு ரெஸில்மேனியால டைட்டில் மேட்ச். ராக் பிப்ரவரில நோ வே அவுட் ஷோல ஆங்கிள்கிட்ட இருந்து டைட்டில் வாங்கியாச்சு. ரெண்டு பேருமே ஹீரோ. ஜிம் ராஸ் நடுவுல உக்காந்து ரெண்டு பேரையும் பேட்டி எடுத்தப்போ ஆஸ்டின் சொன்னதோட சாரம், எனக்கு இந்த ஜெயிப்பு எவ்வளவு வேணும்னு உனக்குப் புரியாதுங்கறது. அன்னிக்கு அது சாதாரண வசனம், முடிவைப் பார்த்துட்டு திரும்பப் போய் கேட்டீங்கன்னா முதுகு சில்லுங்கும்.

மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹோவர்ட் ஃபிங்கல் அறிவிக்கறாரு, இது டிஸ்குவாலிஃபிகேஷன் இல்லாத, அதாவது சேரால அடிச்சாலும் தோத்ததா ஆகாத மேட்ச்னு. கமென்ட்ரில ரெண்டு பேருக்குமே புரியல, யார் இதை முடிவு பண்ணினதுன்னு கேக்கறாங்க. அப்புறம் சூடு பிடிச்சு ரெண்டு பேர் முகத்துலயும் ரத்தம். ராக் ஆஸ்டினை ஷார்ப்ஷூட்டர்ங்கற கால் பிடியில போடறான். இங்கதான் பழைய ரசிகனுக்கு சுருக்குன்னு இருக்கும், ஏன்னா 1997 ரெஸில்மேனியா 13ல பிரெட் ஹார்ட் இதே பிடியில போட்டப்போ முகமெல்லாம் ரத்தமா ஆஸ்டின் சரண்டர் ஆகாம மயங்கி விழுந்தான், வில்லனா உள்ள போனவன் ஹீரோவா வெளிய வந்தான். நாலு வருஷம் கழிச்சு அதே பிடி, அதே ரத்தம், இந்தத் தடவை எதிர்த் திசைல பயணம். அப்புறம் ஆஸ்டினே அந்தப் பிடியை ராக்குக்குப் போடறான், தான் புதுசா வந்தப்போ உபயோகிச்ச மில்லியன் டாலர் ட்ரீம் பிடியையும் தூசு தட்டி எடுக்கறான். எல்லாத்தையும் போட்டுப் பார்த்தாச்சு, ராக் விழல.

அப்போ வின்ஸ் நடந்து வர்றாரு. ராக் ஆஸ்டினைப் பின் பண்றப்போ (மூணு எண்ணற வரைக்கும் தோளைத் தரையில அமுக்கறது) ராக் காலைப் பிடிச்சு இழுக்கறாரு. கூட்டம் இன்னும் நம்பல, ஏதோ குழப்பம் பண்றாருன்னு நினைக்குது. ஆஸ்டின் திரும்பி வின்ஸ்கிட்ட சேர் கேக்கறான். அவர் எடுத்துக் குடுக்கறாரு. அந்த ஒரு அடிக்கு அப்புறமும் ராக் தோளைத் தூக்கிடறான். ஆஸ்டின் முகத்தைப் பாருங்க அப்போ, கோவம் இல்ல, பதட்டம். அப்புறம் அடிக்க ஆரம்பிக்கறான் சேரால, நிறுத்தவே மாட்டேங்கறான், எண்ணிக்கிட்டு இருந்தவன் எண்ணறதை விட்டுடுவான், அப்படி. பின். அப்புறம் வின்ஸோட கை குலுக்கி பீர் குடிக்கறாங்க. நாலு வருஷமா எந்த முதலாளியை அடிச்சு ஹீரோ ஆனானோ அதே முதலாளி. ஜிம் ராஸ் குரல் உடைஞ்சு போய் கத்தறாரு, சாத்தானோட கை குலுக்கறான்னு.

கதையா எழுதினதுல குறையே கிடையாது. தப்பு இடத்துல இருக்கு. ஆஸ்டின் டெக்சாஸ்காரன், ஷோ நடக்கறது டெக்சாஸ்ல. சொந்த மாநிலத்துல அவன் கோவில் உண்டியலை உடைச்சாலும் விசில்தான் அடிப்பாங்க! ஒவ்வொரு சேர் அடிக்கும் கூட்டம் கொண்டாடுது, வில்லன் ஆனவனுக்கு கைத்தட்டல். ராக் ஊர்லயோ வேற எங்கயாவதோ வெச்சிருந்தா அந்த சத்தமே வேற மாதிரி இருந்திருக்கும், வீட்டுல டிவில பார்த்தவங்களுக்கும் இது கொண்டாட்டம் இல்ல துரோகம்னு முதல் நிமிஷத்துலயே உறைச்சிருக்கும்.

இன்னொரு சிக்கல், வில்லன் ஆனா எதிர்ல ஹீரோ வேணும். மறுநாள் ராவுல கூண்டு மேட்ச், ட்ரிபிள் ஹெச்சும் ஆஸ்டின் பக்கம் சேர்ந்து ராக்கை அடிச்சுப் போட்டாங்க, ராக் சினிமா ஷூட்டிங்குக்குக் கிளம்பியாச்சு. அடிக்கறதுக்கு இருந்த ஒரே ஆளையும் ஊருக்கு அனுப்பிட்டா வில்லன் யாரைப் போய் மிரட்டுவான்? மே மாசம் ட்ரிபிள் ஹெச்சும் தொடை தசை கிழிஞ்சு மாசக்கணக்குல வெளிய. ஆஸ்டினே பின்னாடி பல பேட்டில சொல்லியிருக்காரு, திரும்பப் போக முடிஞ்சா அன்னிக்கு வின்ஸுக்கு என்னோட ஸ்பெஷல் அடியான ஸ்டன்னரைப் போட்டுட்டு ஹீரோவாவே போயிருப்பேன்னு.

நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். அந்த வில்லன் காலத்துல அவர் பண்ணின காமெடி இருக்கே, வின்ஸைக் கட்டிப் பிடிக்கறதும் கிட்டார் எடுத்துப் பாடறதும், அது நடிப்புல அவரோட உச்சம். வியாபாரத்துக்கு நஷ்டம், நமக்கு லாபம்.

அப்படி சேரால அடிக்கறது இப்போ ஏன் இல்ல?

முதுகுல அடிக்கறது இருக்கு. தலையில அடிக்கறதைத்தான் 2010ல WWE தடை பண்ணிடுச்சு. மேல பென்வா பத்தி எழுதினதைத் திரும்பப் படிச்சீங்கன்னா காரணம் புரியும். பழைய ஷோல கை வெச்சுத் தடுக்காம நெத்தியில வாங்கறதைப் பார்த்து அப்போ கை தட்டினோம், இப்போ பார்த்தா முகம் சுளிக்குது.

பே-பெர்-வியூல எவ்வளவு வித்துச்சு? அதுதான் ரெக்கார்டா?

சுமார் 10.4 லட்சம் வீடுகள் காசு கட்டிப் பார்த்தது, அதுவரைக்கும் ரெஸ்லிங்ல அதுதான் ரெக்கார்ட். கேபிள்காரன் பங்கு போக மீதி கம்பெனிக்கு. டிக்கெட் வசூல் மட்டும் தனியா சுமார் 35 லட்சம் டாலர். அடுத்த வருஷம் டொரன்டோல ராக்-ஹோகன் இருந்தும் அது 8.8 லட்சம் கிட்டத்தான் போச்சு. 2007ல ரெஸில்மேனியா 23 இதைத் தாண்டி 12 லட்சம் பக்கம் போனது, டொனால்ட் டிரம்ப் வின்ஸ் தலையை மொட்டை அடிச்சாரே அந்த ஷோ. 2014 பிப்ரவரில கம்பெனி சொந்தமா நெட்வொர்க் ஆரம்பிச்சு மாசச் சந்தாவுக்கு மாறினதுக்கு அப்புறம் இந்தக் கணக்குக்கே அர்த்தம் இல்லாம போச்சு.

கூட்டம்னு பார்த்தா ரெஸில்மேனியா 3தானே பெருசு?

ரொம்ப வருஷம் அதுதான், 1987ல பான்டியாக் சில்வர்டோம்ல 93,173 பேர்னு கம்பெனி சொன்ன கணக்கு, 2016ல ரெஸில்மேனியா 32க்கு 1,01,763னு சொல்ற வரைக்கும். அந்த 93,173 ஊதிப் பெருசாக்கினதுன்னு சண்டை போடறவங்க இன்னிக்கும் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஹோகன் ஆண்ட்ரே தி ஜயன்ட்டைத் தூக்கிப் போட்ட அந்த ஒரு நொடிக்கு ஈடு கிடையாது, சாவேஜ்-ஸ்டீம்போட் மேட்ச்சும் சொக்கத் தங்கம், மீதி மேட்ச் எல்லாம் தாண்டித் தாண்டித்தான் பார்க்கணும். சும்மா ஒரு துணுக்கு: ஆஸ்ட்ரோடோமுக்கு உலகத்தோட எட்டாவது அதிசயம்னு பட்டப் பேர், ஆண்ட்ரேக்கும் அதே பட்டப் பேர்தான், அதை வெச்சு சைனாவை ஒன்பதாவது அதிசயம்னு கூப்பிடுவாங்க.

எனக்கு நாலு மணி நேரம் எல்லாம் கிடையாது. ஒரே ஒரு மேட்ச்னா எது?

ராக்-ஆஸ்டின். ஆனா மணி அடிக்கற இடத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, அதுக்கு முன்னாடி லிம்ப் பிஸ்கிட்டோட 'மை வே' பாட்டை ஓட விட்டு ஒரு வீடியோ போடுவாங்க, அதுல இருந்து பாருங்க. கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தா TLC. இன்னும் மிச்சம் இருந்தா வின்ஸ்-ஷேன். கேன், பிக் ஷோ, ரேவன் மூணு பேரும் கோல்ஃப் வண்டியை எடுத்துக்கிட்டு ஸ்டேடியத்துக்கு உள்ள சுத்தற ஹார்ட்கோர் மேட்ச்சை சாப்பிடறப்போ போட்டுக்கலாம், கவனமா பார்க்கணும்னு ஒண்ணும் அவசியம் இல்ல.